அடுக்களையும் ஆண்மக்களும்

பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வரும் தந்தையார், அனுமதிப் பத்திரத்தை நிரப்பிக்கொண்டு வருகையில், 'தாயின் தொழில்' என்னும் இடத்திற் சற்றே தயங்குவார். பின்னர், "அவ வீட்டிலே சும்மாதான் இருக்கிறா" என்று கூறி, ஒரு சிறு கோட்டை இழுத்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வார். அருகில் நிற்கும் தாயும் அதனை மறுப்பதில்லை. அவ்வம்மையார் அன்று விடியுமுன் எழுந்து, முற்றங் கூட்டி, அடுப்பு மூட்டி, பிட்டு அவித்து, சம்பல் அரைத்து, பிள்ளையின் சட்டையையும் கணவரின் சட்டையையும் அழுத்திக் கொடுத்துவிட்டே அங்கு வந்திருப்பார்.

'சும்மா' என்பது தமிழிலே ஆழ்ந்த பொருளுடைய சொல். சும்மா இருத்தலை ஞானிகள் பெரும் பேறாகக் கருதினர். பொழுது புலர்ந்தது முதல் விளக்கணைக்கும் வரை காலோயாது நடக்கும் ஒருத்திக்கு அச்சொல்லை எவ்வாறு பொருத்தினார்களோ, அது வியப்புக்குரியது.

ஆணும் வீட்டுக்காக உழைக்கின்றானே என்று சிலர் கேட்பர். அது மெய்யே. யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலியடைப்பும், கூரை வேய்தலும், கிணறு இறைத்துத் துப்புரவாக்குதலும் ஆண்களின் பணிகளாக இருந்து வந்துள்ளன. இவை எளியனவல்ல. கதியால்களின் ஓரமாகக் கிடுகையோ பனையோலையையோ நிறுத்தி, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாய் நின்று, குத்தூசியாற் கயிறு கோத்து இறுக்கிக் கட்டும்போது தோள்கள் நோகும். ஆயினும், வேலி நாள்தோறும் அடைக்கப்படுவதன்று. அடைக்கும் நாளில் அயலவர் கூடுவர்; பேச்சும் சிரிப்புமாய்ப் பொழுது கழியும்; இடையிடையே தேநீர் வரும். (அத்தேநீர் தானாக வருவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) மாலையில், அடைத்தவர் வீதியில் நின்று தம் கைவண்ணத்தைக் கண்டு மகிழலாம். வீதியாற் போவோரும் பல மாதம் அதனைக் காண்பர்.

காலையில் அவித்த பிட்டோ எட்டு மணிக்குள் மறைந்துவிடும். கூட்டிய முற்றத்தில் மாமரம் நண்பகலுக்குள் மீண்டும் சருகை உதிர்த்துவிடும். துவைத்த துணி மறுநாள் அழுக்காகும். ஆணின் பங்குக்கு வந்தவை முடிவுடைய வேலைகள். பெண்ணின் பங்குக்கு வந்தவை முடிவற்றவை. செய்யும்போது அவற்றை எவரும் காண்பதில்லை. ஒருநாள் செய்யாது விட்டால் அன்றே வீடு முழுவதும் அறியும்.

சமையலும் துவைத்தலும் பெண்ணின் கைக்கே இயற்கை வகுத்த தொழில்கள் என்பாரும் உளர். அவர்கள் தங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள சைவக் கடையை எட்டிப் பார்த்தல் நன்று. தோசை வார்ப்பவர் யார்? வடை தட்டுபவர் யார்? மேசை துடைத்துக் கோப்பை கழுவுபவர் யார்? பெரும்பாலும் ஆண்களே. கலியாண வீடுகளில் ஆயிரம் பேருக்கு அன்னம் வடிப்போரும், கோவில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்போரும் ஆண்களே. தையற்கடையிலும் சலவைச் சாலையிலும் ஆண்கள் உளர். சோறாக்குவது ஆண்மைக்கு இழுக்கு என்று அங்கு ஒருவரும் கருதுவதில்லை. மாத முடிவிற் சம்பளம் கிடைக்கின்றது. அதே கை வீட்டு வாயிலைத் தாண்டியதும் அகப்பையைத் தொட நாணுகின்றது.

நல்ல சமையலைப் புகழ நம்மவர் வாயில் முதலில் வருவது நளபாகம், அடுத்தது வீமபாகம். இருவரும் ஆண்கள், அதிலும் அரசகுலத்தவர். வீமன் விராடனுடைய அரண்மனையிலும், நளன் இருதுபன்னனுடைய அரண்மனையிலும் வேற்றுப் பெயர் பூண்டு ஊழியராய் மடைத்தொழில் புரிந்தமையைக் கதை கேட்டோர் அறிவர். உருமாறியிருந்த நளனைத் தமயந்தி அறிந்துகொள்ள உதவிய அடையாளங்களுள் ஒன்று அவன் சமைத்த உணவின் சுவை. முன்னரும் அவன் கையால் அவள் பலகால் உண்டிருந்தாள் என்பது பாரதத்திலே உள்ள செய்தி. முடிதரித்திருந்த காலத்திலேயே நளன் மனைவிக்குச் சமைத்தளித்தான் என்பது இதனாற் பெறப்படும். கதை சொல்வோர் இவ்விடத்தை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பொருளியலார் கணக்கும் இவ்விடத்திலே தடுமாறுகின்றது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிகு 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பொருளியல் நூலில் ஒரு வேடிக்கையை எடுத்துக்காட்டினார். ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கும்வரை அவளுடைய உழைப்பு நாட்டின் வருமானத்திற் சேரும். அவளையே அவர் மணந்துகொண்டால், அவள் அதே வேலைகளைச் செய்தாலும், நாட்டின் வருமானம் குறைந்துவிடும்! ஒரு நூற்றாண்டு கடந்தும் தேசிய வருமானக் கணக்கு இவ்வகையில் மாறவில்லை.

இலங்கைக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. 1970களின் பிற்பகுதி முதல் இந்நாட்டுப் பெண்கள் பெருந்தொகையினராய் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். சொந்த வீட்டில் 'சும்மா' என்று பெயர் பெற்ற அதே கூட்டலும் கழுவலும் சமையலும், அங்கே செய்யப்பட்டபோது, நாட்டுக்கு அந்நியச் செலாவணியாகத் திரும்பி வந்தன. 2013ஆம் ஆண்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வேலைக்குச் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. தந்தைமாருக்கு அத்தகைய விதி இருக்கவில்லை. 2017ஆம் ஆண்டிலேதான் மக்கள் தம் நாட்பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை அறியும் அளவீடு இங்கு முதன்முறையாக நாடளாவிய முறையில் நடத்தப்பட்டது.

இவ்வழக்கத்தின் பாரம் மிகுதியும் விழுவது படிக்கும் பெண்பிள்ளை மீதே. அண்ணனும் தங்கையும் பாடசாலையால் வருகின்றனர். அண்ணன் புத்தகத்தை வைத்துவிட்டுப் பந்தடிக்கச் செல்கின்றான். திரும்பியதும் தேநீர் அருந்திப் படிக்க அமர்கின்றான். தங்கை தும்புத்தடியை எடுக்கின்றாள். பின்னர் கிணற்றடிக்குப் போகின்றாள். காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டொன்றுக்கு 730 மணித்தியாலங்கள் ஆகின்றன. பாடசாலை நாள் ஒன்று ஆறு மணித்தியாலமாயின், இது 120 பாடசாலை நாட்களுக்கும் மேலானது. இத்தனையும் கொடுத்த பின்னரே அவள் அண்ணனெழுதும் அதே சாதாரணதரப் பரீட்சையை அதே மண்டபத்தில் எழுதுகின்றாள். ஊட்டச்சத்தும் வீட்டு வரவு செலவும் கற்பிக்கும் மனைப்பொருளியலை இரு பாலாரும் கற்கலாம். எனினும், அவ்வகுப்பில் ஆண்பிள்ளையைக் காண்பது அரிது.

பழக்கம் மாறாது என்றும் சொல்வதற்கில்லை. 1983இன் பின்னர் ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்த இளைஞர் பலருக்குப் பாரிசிலும் லண்டனிலும் சூரிச்சிலும் முதலிற் கிடைத்த தொழில் உணவுச்சாலைகளிற் கோப்பை கழுவுவதே. வீட்டில் உண்ட கோப்பையை எடுத்து வைத்தறியாதவர்கள், நள்ளிரவு வரை நின்று பிறர் கோப்பைகளை நூற்றுக்கணக்கிற் கழுவினர். அறைக்குத் திரும்பி, நண்பர்களோடு முறைவைத்துச் சமைத்தனர். பலர் தேர்ந்த சமையற்காரராயினர். அவ்வாறு ஒருவர் பல்லாண்டு கழித்து ஊருக்கு வருகின்றார்; உண்டு முடித்து, கோப்பையைக் கையிலேந்தியவாறு கிணற்றடியை நோக்கி எழுகின்றார். தாயார் பதைத்தோடி வருகின்றார். "நீ விடு தம்பி, உன்ரை தங்கச்சி கழுவுவாள்" என்று சொல்லி, அதனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கின்றார்.