வாடகைக்கு ஒரு வங்கிக் கணக்கு

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அந்தத் தொழில் போய்விட்டது. ஆனால் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கும் வழக்கம் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை. விசைப்படகில் ஏறுகிறவரும் உப்பளத்தில் இறங்குகிறவரும் பல நேரம் கடனோடுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். இணைய மோசடிக்குள் இளைஞர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதையும் அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களிலும் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தில் பங்கு. ஐப்பசி மழை விழுந்தால் உப்பளமும் நின்றுவிடும். கை வறண்ட இப்படியொரு நேரத்தில் தெரிந்த முகம் ஒன்று வந்து கேட்கும்: “ஒம் பேர்ல ஒரு அக்கவுண்ட் தொறந்து குடு தம்பி. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணும் வேணும். கமிஷன் தாரேன்.”

திருடுகிறோம் என்ற நினைப்பே கணக்கைக் கொடுப்பவனுக்கு வராது. எங்கோ, வீடியோ காலில் போலீஸ் வேடம் போட்டவர்களால் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டப்பட்ட ஒரு முதியவரின் சேமிப்பு அந்தக் கணக்கில் விழும். சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். அவர் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் சொன்னால், போலீசுக்கு முதலில் கிடைப்பது கணக்குக்காரனின் முகவரிதான். மேலே இருப்பவன் யாரென்று இவனுக்கே தெரியாது.

இன்னொரு வழி விமானத்தில் போகிறது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்ற போலி விளம்பரங்களைப் பற்றி 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. பாங்காக்கில் இறக்கி, தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் பக்கம் மோய் ஆற்றைத் தாண்ட வைத்தால் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். பெண் படம் போட்ட போலிக் கணக்கில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவரிடம் காதல் பேசி, கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். ஊர் திரும்பக் கேட்டால், “உனக்கு ஆன செலவைக் கட்டு.” இங்கேயும் முன்பணம்தான்.

2022 அக்டோபரில் 13 தமிழர்கள் அங்கிருந்து மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டே நாளில் 549 இந்தியர்களை அழைத்து வந்தன. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்றது 2023இல் வெளிவந்த ஐ.நா. அறிக்கை.

பேராசை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்; பதிவு உண்டா என்பதை அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். ஆனால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர் பக்கத்துத் தெரு அண்ணாச்சி. அவரிடம் போய் லைசென்ஸைக் காட்டச் சொல்ல யாருக்கு வாய் வரும்?