கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே குருதிச்சோகையைக் கண்டறிவோம்

எமது குடும்பங்களில் ஒரு பெண் கர்ப்பமுற்றால், மூன்று மாதம் கழியும்வரை வெளியில் சொல்லாதிருக்கும் வழக்கம் உண்டு. கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். ஊராருக்குச் சொல்லாதிருப்பதில் தவறில்லை. குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. தாய்மார் கிளினிக்கில் பணியாற்றும் நான், முதல் மூன்று மாதங்களில் தெரிந்திருக்க வேண்டிய குருதிச்சோகை ஏழாம், எட்டாம் மாதத்தில் வெளிப்படுவதை அடிக்கடி காண்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அது ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை எனக் கொள்ளப்படும். 7 கிராமுக்குக் கீழே போனால் அது கடுமையான நிலை.

ஆரம்பத்திலேயே பார்ப்பது ஏன் முக்கியம்? கர்ப்பம் வளர வளரத் தாயின் இரத்தத்தில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடும். செங்குருதிக் கலங்கள் அதே வேகத்தில் கூடுவதில்லை. ஏற்கனவே குறைவாக உள்ள ஹீமோகுளோபின் இதனால் இன்னும் இறங்கும். ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. கடைசி ஓரிரு மாதங்களில் அவசரமாக அதை நிரப்புவது கடினம்.

குருதிச்சோகையுள்ள தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் நிறை குறைந்த குழந்தையும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பெரிய ஆபத்து பிரசவ நேரத்தில் வருகிறது. சுகப்பிரசவத்தில்கூட அரை லீற்றர் வரை இரத்தம் போகலாம். ஆரோக்கியமான தாய் அதைத் தாங்கிக்கொள்வார். கடுமையான குருதிச்சோகையுள்ளவருக்கோ அந்த அளவே உயிராபத்தாகலாம்.

அறிகுறி தெரிந்தால் பார்க்கலாம் என்று இருக்கவும் முடியாது. களைப்பு, தலைச்சுற்று, படியேறும்போது மூச்சு வாங்குதல் எல்லாவற்றையும் மசக்கை என்றே வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனை மட்டுமே உண்மையைச் சொல்லும். எனவே நாள் தள்ளிப்போனது உறுதியானதும், எட்டு வாரங்களுக்குள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். அரச கிளினிக்கில் இதற்குப் பணம் இல்லை.

முதல் மூன்று மாதங்களில் போலிக் அமிலக் குளிசையும் அதன்பின் இரும்புச்சத்துக் குளிசையும் வழங்கப்படும். குருதிச்சோகை இருந்தால் எப்போது, எவ்வளவு என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். வாங்கிய குளிசைகள் அலுமாரியில் தேங்கிக் கிடக்கும் வீடுகள் பல. “பிள்ளை பெருத்துவிடும்”, “பிள்ளை கறுத்துவிடும்” என்ற பேச்சுகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. மலம் கறுப்பாகப் போவது குளிசையின் இயல்பான விளைவு. குமட்டலோ மலச்சிக்கலோ இருந்தால் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சோறு உண்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் எமது பழக்கமும் இங்கே பகையாகிறது. தேயிலை, உணவிலும் குளிசையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். குறைந்தது ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். கல்சியம் குளிசையையும் பாலையும் வேறு நேரத்தில் எடுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பயறு, கீரை உணவில் இருக்கட்டும். தேசிக்காய், கொய்யா போன்றவை இரும்புச்சத்து உடலில் சேர உதவும். கறியில் நல்ல துண்டுகள் ஆண்களுக்குப் போய், மிச்சம் மருமகளுக்கு வரும் வழக்கத்தை மாமிமார் மாற்ற வேண்டும்.

குளிசை ஒழுங்காக எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? தலசீமியா காவியா என்று பார்க்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் கணவரும் பரிசோதிக்க வேண்டும். இருவருமே காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்துக்குள் திருமணம் செய்தவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குருதிச்சோகையுள்ளவர் நோன்பு பற்றி வைத்தியரிடம் கேட்டே முடிவெடுப்பது நல்லது. நோற்பவரும் குளிசையை நிறுத்தாமல், நோன்பு திறந்தபின் எந்நேரம் எடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணவன்மாரிடம் ஒரு வேண்டுகோள். முதலாவது கிளினிக்குக்கு மனைவியுடன் நீங்களும் போங்கள். அவரது ஹீமோகுளோபின் எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பணம் சேர்ப்பதுபோல், அந்த இலக்கத்தை உயர்த்துவதும் உங்கள் பொறுப்பே.