பல்ப் ஏன் திரும்பத் திரும்ப ஃபியூஸ் ஆகிறது?

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் இரவில் ஓடும் பழைய அம்பாசிடர், மாருதி 800 போன்ற கார்களில் ஹெட்லைட் ஃபியூஸ் ஆனால், பல்ப் மட்டமானது என்று கருதி வேறொன்றை மாட்டிவிடுவதே வழக்கம். புதிதாக மாட்டியதும் சில வாரங்களில் அணைந்துவிட்டால், காரணத்தைப் பல்புக்கு வெளியே தேடவேண்டும்.

ஐரோப்பியக் கார்களில் 1962-இல் அறிமுகமான ஹாலஜன் பல்பில், 3,422 டிகிரி செல்சியஸில் உருகும் டங்ஸ்டன் உலோகத்தாலான இழை, அதாவது ஃபிலமென்ட், அந்த வெப்பநிலைக்குச் சில நூறு டிகிரி கீழே நின்று ஒளிர்கிறது. அச்சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டனை, குவார்ட்ஸ் கூட்டுக்குள் அடைக்கப்பட்ட அயோடின் அல்லது புரோமின் பிடித்து மீண்டும் இழையின்மேலேயே படியவைப்பதால் கூடு கறுப்பதில்லை. எனினும் ஆவியான இடத்திலேயே உலோகம் திரும்பப் படிவதில்லை என்பதால், இழை எங்கோ ஓரிடத்தில் மெலிந்து முடிவில் அறுகிறது.

இந்த மெலிவை விரைவுபடுத்துவதில் முதலிடம் மின்னழுத்தத்திற்கு உண்டு. பல்பின் ஆயுள் ஏறத்தாழ மின்னழுத்தத்தின் 13-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அழுத்தம் 5 விழுக்காடு கூடினால் வெளிச்சம் 18 விழுக்காடு அளவே கூட, ஆயுளோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது இயல்பு. எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது மல்டிமீட்டர் 15 வோல்ட்டை எட்டினால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே ஐயத்திற்குரியது. பேட்டரிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றவேண்டியிருப்பதும் இதே கோளாற்றைச் சுட்டும் அறிகுறியாகும்.

திண்டிவனத்திற்குக் கிழக்கே உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் போன்ற கடலோரத்தில் ஓடும் வண்டிகளில், மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்புகள் எளிதில் துருவேறுகின்றன. விளக்கின் எர்த் துருவேறினால் ஒளி மங்குமே தவிர, பல்பின் ஆயுள் அதனால் குறைவதில்லை; ஆனால் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக உள்ள வண்டிகளில் அதன் எர்த் பழுதானால், அது மின்னழுத்தத்தைக் குறைவாகக் கணித்து ஆல்டர்னேட்டரை மேலும் உற்பத்தி செய்யத் தூண்டுவதால், துரு மறைமுகமாகப் பல்பைக் கொல்கிறது.

இரு பக்க விளக்குகளும் மாறிமாறிப் போனால் மின்னழுத்தத்தையும், ஒரே பக்கம் மட்டும் போனால் அப்பக்கத்து ஹோல்டரின் ஆட்டத்தையும் தளர்ந்த இணைப்பையும் முதலில் சோதிப்பது முறை. அறுந்த பல்பும் சில தடயங்களை வைத்திருக்கும்: கூட்டினுள் வெண்புகை படிந்திருந்தால் விரிசல் வழியே காற்று புகுந்து டங்ஸ்டன் ஆக்சைடு உருவாகியிருக்கிறது என்றும், கூடு ஓரிடத்தில் வெளிறியிருந்தால் மாட்டும்போது விரல் பட்டு, வியர்வையிலுள்ள சோடியம் குவார்ட்ஸைச் சிதைத்திருக்கக்கூடும் என்றும் கொள்ளலாம்.

மங்கலான ஒளிக்கு மாற்றாக 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பை மாட்டுவதும் சிக்கலைத் தீர்ப்பதில்லை. பிரைட்டில் இரு விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியருக்குப் பதில் 16 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், பழைய வயரும் சுவிட்சும் சூடேறி ஹோல்டர் உருகவும் நேரிடும். உரிய வாட் பல்பையே வைத்துக்கொண்டு, எர்த் முனைகளைச் சுரண்டித் தூய்மையாக்கி, பேட்டரியிலிருந்து தடித்த வயர் வழியே நேராக மின்சாரம் தரும் ரிலேயைச் சேர்ப்பது நல்ல வெளிச்சம் தரும். ஆயினும் ரெகுலேட்டரைச் சரிசெய்த பின்னரே ரிலேயைப் பொருத்தவேண்டும், ஏனெனில் மிகையான மின்னழுத்தம் இருக்குமானால் அதையும் ரிலே குறையாமல் பல்புக்குக் கொண்டுசேர்த்துவிடும்.