ஓயாத கைகளுக்கு ஒரு மடித்துணி: டிமென்ஷியா உள்ளவர்களுக்கு ‘ஃபிட்ஜெட் குயில்ட்’ எப்படி உதவுகிறது?

மாலை ஐந்தரை ஆனால் போதும், பாட்டியின் கைகள் வேலையை ஆரம்பித்துவிடும். புடவைத் தலைப்பைச் சுருட்டுவார், பிரிப்பார், மறுபடியும் சுருட்டுவார். போர்வையின் ஓரத்திலிருந்து நூல் நூலாக உருவுவார். நைட்டியில் இரண்டு பட்டன் ஏற்கெனவே காணோம். “பாட்டி, சும்மா இருங்களேன், துணி கிழியுது” என்றால் ஒரு நிமிஷம் நிறுத்துவார். அவ்வளவுதான்.

டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ள முதியவர் இருக்கும் பல வீடுகளில் இது தினசரிக் காட்சி. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது 100 பேரில் ஏழு பேருக்கு மேல்.

இந்தக் கைகளை எப்படி நிறுத்துவது என்றுதான் வீட்டில் இருப்பவர்கள் யோசிப்பார்கள். நிறுத்துவானேன், ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணத்தில் உருவானது ஃபிட்ஜெட் குயில்ட்.

மடியில் விரித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு ஒட்டுத்துணி விரிப்பு. அதில் ஜிப், பெரிய பட்டன், நாடா, பாக்கெட், வெல்வெட் துண்டு, சொரசொரப்பான துணி என்று தடவவும் இழுக்கவும் திறக்கவும் ஏதாவது தைத்திருக்கும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் தையல் குழுக்கள் இவற்றைத் தைத்து முதியோர் இல்லங்களுக்குக் கொடுக்கின்றன. பிரிட்டனில் இதற்கு ஒரு தங்கை உண்டு, ‘ட்விடில் மஃப்’. கம்பளி நூலில் பின்னிய குழாய் போன்ற உறை அது. இரண்டு பக்கமும் கையை நுழைத்துக்கொள்ளலாம். உள்ளேயும் வெளியேயும் பட்டன், ரிப்பன் தொங்கும். தன்னார்வலர்கள் பின்னி அரசு மருத்துவமனைகளுக்குத் தருகிறார்கள். ட்ரிப் ஊசியையோ சிறுநீர்க் குழாயையோ பிடுங்கப் போகும் கைக்குப் பிடித்துக்கொள்ள இது கிடைக்கும்.

கை ஏன் சும்மா இருப்பதில்லை?

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். அவரைப் பரிசோதித்தவர் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். அந்தப் பெண் 1906-ல் இறந்தார். மறு வருஷம் அல்சைமர் வெளியிட்ட குறிப்பில் மறதி, சந்தேகம், குழப்பம் பற்றியெல்லாம் எழுதிவிட்டு, படுக்கைத் துணிகளை இழுத்துக்கொண்டு அலைந்தார் என்றும் எழுதியிருக்கிறார். அல்சைமர் நோய் என்று பின்னால் பெயர் பெற்ற நோயின் முதல் நோயாளி கையிலும் துணிதான்.

அல்சைமர் நோயில் முதலில் அடிவாங்குவது புது நினைவுகள். காலையில் என்ன சாப்பிட்டோம், வந்துபோனது யார் என்பதெல்லாம் தங்காது. ஆனால் பல வருஷம் செய்து பழகிய கைவேலை மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. அது இன்னும் நெடுநாள் தாங்கும். பேத்தியின் பெயர் வராத பாட்டிக்கு, துணியைக் கொடுத்தால் நீவி, நான்காக மடிக்கத் தெரியும்.

இன்னொரு காரணம் சலிப்பு. “அவங்களால முடியாது” என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு, டிவி முன்னால் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். ஐம்பது வருஷம் உழைத்த கை அங்கே என்ன செய்யும்?

மாத்திரைக்கு முன்னால்

பதற்றம் அதிகமாகி, இரவெல்லாம் யாரும் தூங்க முடியாத நிலை வரும்போது குடும்பம் மருத்துவரிடம் கேட்பது, “அமைதியா வைக்க ஏதாவது மாத்திரை குடுங்க.” தீவிர மனநோய்களுக்குத் தரப்படும் ஆன்டிசைக்கோடிக் மருந்துகள் இதற்காக உலகம் முழுக்கத் தரப்பட்டிருக்கின்றன. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2005-ல் எச்சரித்தது. சுமார் 10 வாரம் நடந்த சோதனைகளில், மருந்து எடுத்தவர்களில் இறந்தவர்கள் 4.5 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம்.

இந்த மருந்தே கூடாது என்று அர்த்தமில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது கடுமையான வேதனை இருந்தால் மட்டும் என்று பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல் வரம்பு வைக்கிறது. அவரவர் விருப்பத்துக்கேற்ற வேலைகளைக் கொடுக்கச் சொல்வதும் அதே வழிகாட்டுதல்தான். மடித்துணி அப்படி ஒரு வேலை. நோயை இது குணப்படுத்தாது, மறதியின் வேகத்தைக் குறைக்காது. சிலர் ஒரு மணி நேரம் அதிலேயே மூழ்கிவிடுவார்கள். சிலர் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வலி, மலச்சிக்கல், பசி, பாத்ரூம் அவசரம் இவற்றைச் சொல்லத் தெரியாதபோதும் கை இப்படித்தான் துணியைப் பிய்க்கும். நேற்றுவரை சாதாரணமாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென மாறினால் சிறுநீர்த் தொற்று போன்ற ஏதாவது இருக்கலாம். அப்போது தையல் மெஷினைத் தேட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

தைப்பது எப்படி?

அகலம் 18 அங்குலம், நீளம் 24 அங்குலம் போதும். சக்கர நாற்காலியில் உட்காருபவர் என்றால் அகலம் கூடக் கூடாது, ஓரம் சக்கரத்தில் மாட்டும். அடியில் கெட்டியான காடா துணி, மேலே துண்டுத் துணிகள். வழுக்கி விழாமல் இருக்க பட்டும் சாட்டினும் அடிப்பக்கம் வேண்டாம்.

மேலே எந்தத் துணி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆன்லைனில் கிடைப்பவற்றில் சில, யானைக்குட்டி படமும் மஞ்சள் வாத்துமாகக் குழந்தைக்குச் செய்ததுபோல இருக்கும். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அப்பாவின் மடியில் அதை விரிப்பது அவரைச் சின்னப்படுத்துவது. அவருடைய பழைய காக்கிச் சட்டையை வெட்டுங்கள். பட்டனோடு இருக்கும் பாக்கெட்டை அப்படியே தைத்துவிடலாம். அம்மாவின் பழைய காட்டன் புடவையில் பார்டர், உறுத்தாத ஜரிகையாக இருந்தால் அதுவும். டெய்லராக இருந்தவருக்குக் காஜா எடுத்த பட்டிகள். பூ கட்டியவருக்குக் கட்டி அவிழ்க்கக் குட்டை நாடா. கேஷியராக இருந்தவருக்கு நோட்டு அளவில் நான்கைந்து துணி, ஓரத்தில் சேர்த்துத் தைத்து. விரலுக்கு வித்தியாசம் தெரிய, டர்க்கி டவல் பக்கத்தில் வெல்வெட், அதன் பக்கத்தில் கோணி மாதிரி சொரசொரப்பு.

முடிக்க முடியாத வேலை எதையும் வைக்காதீர்கள். காஜா இல்லாத பட்டன், பாதியில் சிக்கும் ஜிப், சாவி இல்லாத பூட்டு எல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். சின்னச் சின்னப் புள்ளி போட்ட பிரிண்டும் வேண்டாம். எறும்பு ஊர்வதாக நினைத்து நாள் முழுக்கப் பொறுக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பாக்கெட் தனி நிறத்தில் இருந்தால்தான் கண்ணுக்குப் படும். பாக்கெட்டுக்குள் ஒரு குடும்பப் போட்டோவைத் துணியில் பிரிண்ட் செய்து தைக்கலாம். இன்றைய போட்டோவைவிட அவருடைய இளமைக்காலப் போட்டோவைச் சீக்கிரம் அடையாளம் காண்பார்.

வாய்க்குள் போனால்?

நோய் முற்றும்போது கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் பழக்கம் சிலருக்கு வரும். அதனால் மணி, சலங்கை, சின்ன பட்டன் கூடாது. பெரிய பட்டனையும் கெட்டி நூலால் நான்கைந்து முறை தைத்து, முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். காந்தமும் பட்டன் பேட்டரியும் உள்ள எதுவும் வேண்டவே வேண்டாம், விழுங்கினால் குடலைக் கிழிக்கும். நாடா விரலையோ கழுத்தையோ சுற்றாத நீளத்தில், ஒரு சாண்கூட வேண்டாம். முதியவர்களின் தோல் காகிதம் மாதிரி. உலோக ஜிப்பைவிடப் பிளாஸ்டிக் ஜிப் நல்லது. கொடுப்பதற்கு முன் விரிப்பு முழுக்கத் தடவிப் பார்த்துவிடுங்கள், குண்டூசி ஒன்று உள்ளே மாட்டியிருக்கலாம்.

சோறும் குழம்பும் சிந்தும், சிறுநீரும் படும். மெஷினில் போட்டுத் துவைக்கும்படிதான் தைக்க வேண்டும். முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு. ஒன்று கொடியில் காயும்போது மாலை ஐந்தரை வந்துவிடும்.

கொடுக்கும்போது “இந்தா, இதை வெச்சு விளையாடு” வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே ஜிப்பை இழுத்துப் பாருங்கள். “அம்மா, இந்தப் புடவை எப்ப எடுத்தது?” என்று கேளுங்கள். பதில் சரியாக வராது, பரவாயில்லை. கை தானாக வரும். தள்ளிவிட்டால் எடுத்து வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது இதையும் பையில் போடுங்கள். ஓரத்தில் அவர் பெயரை நூலால் தைத்துவிட்டால், அங்கே சலவைக்குப் போகும் போர்வைகளோடு கலந்து காணாமல் போகாது.