பழைய மோட்டார் வண்டியின் வானொலி



மூதூர்க் கரையிலே கொட்டியாரக் குடாவின் உப்புக் காற்று ஓயாது வீசும். இங்கு இன்றும் பேணப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய வண்டிகளில் வானொலியும் இருப்பின், அதனைக் காக்கும் வழி யாது?

முதலில் அறியவேண்டியது பற்றறியின் இணைப்பு. 1960களின் பிற்பகுதிக்கு முன் வந்த பிரித்தானிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால வண்டிகளிலோ எதிர்முனை இணைக்கப்படுகின்றது. நண்பரொருவர் தம் தந்தையாரின் வண்டியில் பற்றறியைத் தலைமாற்றிப் பூட்டினார். நாற்பதாண்டு பாடிய பெட்டி நொடியில் ஊமையாயிற்று. அதற்கு ஈடான உறுப்புகள் இன்றுவரை கிடைத்தில.

அடுத்த பகை உப்பு. ஏரியலின் அடிப்பாகம் தகட்டைத் தொடுமிடத்தில் துருவேறினால் நிலையங்கள் மங்கி இரைச்சலே மிஞ்சும். அவ்விடத்தைச் சுரண்டித் துலக்கி, இறுக முடுக்கியபின் மேலே சிறிது கிறீஸ் பூசுக. இயந்திரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் இரைச்சலாயின், குற்றம் பெரும்பாலும் பெட்டியிலன்று. தீப்பொறி எழும் பிளக்குகளையும் அவற்றின் கம்பிகளையும் சோதித்தல் வேண்டும்.

வால்வுப் பெட்டி சூடேறிய பின்னரே பேசும், பொறுத்திருங்கள். ஒலிபெருக்கி கழன்றிருக்கையில் அதனை இயக்கலாகாது. இயந்திரம் நின்றிருக்க நெடுநேரம் பாடவிட்டால் பற்றறி வற்றிவிடும்.

இவற்றைப் பழுதுபார்க்க வல்லார் அருகி வருகின்றனர். ஆதலின், பற்றறியைக் கழற்றுமுன் எம்முனை உடலோடு இணைந்துள்ளதெனக் குறித்து வையுங்கள். அச்சிறு குறிப்பே பெட்டியின் உயிர்க்காவல்.