சாம்பலும் கல்லாகும்

அடுப்புச் சாம்பலை என்ன செய்வோம்? பாத்திரம் துலக்குவோம். மிச்சத்தைக் குப்பையில் கொட்டுவோம். சாம்பல் பாறையாக மாறும் என்றால் நம்புவீர்களா?

மாறும். ஆனால் அது அடுப்புச் சாம்பல் அல்ல, எரிமலைச் சாம்பல்.

பூமிக்குள் சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாக இருக்கிறது. அதில் வாயு அடைந்து கிடக்கிறது. எரிமலை வெடிக்கும்போது அந்தக் குழம்பு சிதறித் தூளாகிறது. அதுதான் எரிமலைச் சாம்பல். விறகுச் சாம்பல், எரிந்து மிஞ்சியது. எரிமலைச் சாம்பலோ கல்லின் தூள். அது மழைபோல் விழுந்து அடுக்கடுக்காகப் படிகிறது. நாளடைவில் இறுகிப் பாறையாகிறது.

இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூருவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்க வேலை செய்த ஊர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன் அருகே பெத்தபள்ளியில் எரிமலை கக்கிய சாம்பலும் கல் துண்டுகளும் சேர்ந்து இறுகிய பாறை உள்ளது. வயது சுமார் 270 கோடி ஆண்டுகள்! இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பயப்பட வேண்டாம். அந்த எரிமலை இன்று இல்லை.

கோலார் பாறை மிகப் பழையது. அதனால் கெட்டியாகிவிட்டது. ஆனால் பொதுவாகச் சாம்பல் பாறை மென்மையானது. உள்ளே சிறு துளைகள் இருப்பதால் எடையும் குறைவு. எளிதாகச் செதுக்கலாம். துருக்கி நாட்டில் கப்படோக்கியா என்னும் இடத்தில் இந்தப் பாறையைக் குடைந்தே வீடுகள் அமைத்தார்கள்.

சாம்பலுக்கு இன்னொரு குணமும் உண்டு. சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் அது கல்போல் இறுகும். தண்ணீருக்கு அடியிலும் இறுகும். இத்தாலியில் பொஸ்வோலி என்ற ஊர்ச் சாம்பலை ரோமானியர்கள் இப்படிக் கலந்து கட்டினார்கள். ஊர்ப் பெயரால் அந்தச் சாம்பலுக்குப் 'பொசலானா' என்று பெயர் வந்தது. நம் நாட்டில் எரிமலைச் சாம்பலுக்குப் பதில் செங்கல் தூளைச் சுண்ணாம்புடன் கலந்தார்கள். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் இந்தக் கலவை உண்டு.

இப்போது உங்கள் சிமெண்ட் மூட்டையைப் பாருங்கள். பி.பி.சி. என்று போட்டிருக்கிறதா? நடு எழுத்து பொசலானாவைக் குறிக்கிறது. ராய்ச்சூர், மேட்டூர் போன்ற அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத்தான் பெரும்பாலும் இதில் சேர்க்கிறார்கள். எரிமலைச் சாம்பல் செய்த வேலையை இது செய்கிறது.

ஆனால் சாம்பல் மெதுவாகத்தான் இறுகும். அது இறுகத் தண்ணீர் வேண்டும். சாதாரண சிமெண்ட் தளத்தை 7 நாளாவது நனைக்க வேண்டும். பி.பி.சி. என்றால் 10 நாளாவது நனைக்க வேண்டும். 14 நாள் நனைத்தால் இன்னும் நல்லது. வெயில் காலத்தில் எந்த சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. அவசரப்பட்டு நிறுத்தினால் தளம் வலுவிழக்கும்; வெடிப்பு விடும். கடன் வாங்கிக் கட்டிய வீடு அல்லவா?

வேலை தொடங்கும் முன் மூட்டையில் உள்ளதை நீங்களே படியுங்கள். உங்கள் மேஸ்திரிக்கும் படித்துச் சொல்லுங்கள்.