தலையில் ஒரு நடவு

பிரேசர் டவுன் மசூதிச் சாலைக்குப் பின்னே ஒரு சந்தில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர், சென்ற தீபாவளிக்கு முன் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நெத்தி ஏறிக்கிட்டே போகுதே! ஊருக்குப் போனா அம்மா என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். சிரித்து வைத்தேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. வயதோ 23. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த சிறு தொகை கையில் இருந்தது. முடி நடும் அறுவை செய்துகொள்வதென்று முடிவு கட்டிவிட்டேன். நம் சங்கத்து நண்பர்களிலும் இவ்வெண்ணம் உடையோர் சிலர் உளர் என்பதை, கண்ணாடி முன் அவர்கள் நிற்கும் நேரத்தைக் கொண்டே அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வழுக்கைக்குக் காரணம் பெங்களூர்த் தண்ணீர் என்று நம்மவர் அனைவரும் கூறுவர். நானும் திருவண்ணாமலையிலிருந்து வந்த நாள் முதல் அதையே கூறி வந்தேன். பாவம், தண்ணீர் என் செய்யும்! ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் மரபின் வழி வருவது. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர், நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்ப்பைகளைச் சிறுகச் சிறுகச் சுருங்கச் செய்கிறது. பிடரிப் பக்கத்து வேர்கள் அதற்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஒக்குடா 1939லேயே தழும்புகளில் முடி நட்டு எழுதியிருந்தார். போர்க்காலமாதலால் மேலை உலகம் கவனிக்கவில்லை. பின்னர் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஆரன்ட்ரைக், பிடரி வேரை நெற்றிக்கு மாற்றினாலும் அது தன் பிறவிக் குணத்தை விடுவதில்லை என்று 1959ல் வெளியிட்டார். பெங்களூரில் குடியேறியும் தமிழை விடாத நம்மைப் போல என்று அறை நண்பர் உவமை சொல்கிறார். உவமை நன்று, உண்மையை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்க.

ஆகவே இது நாற்று நடுவதேயாகும். பிடரி நாற்றங்கால், நெற்றி வயல். புது நாற்று எதுவும் முளைப்பதில்லை என்பதை மட்டும் மறக்கலாகாது. பிடுங்கிய இடத்தில் மீண்டும் முளைக்காது.

என் மாமன் மகன், வயது 34, தேர்ந்த தோல் மருத்துவர் ஒருவரிடம் இதைச் செய்துகொண்டார். துணைக்குச் சென்றவன் நான். இரத்தப் பரிசோதனைகள் முன்பே முடிந்திருந்தன. காலையில் நெற்றியில் கோடு வரைந்து, பிடரியை மழித்து, மரத்துப்போகும் ஊசிகள் போட்டனர். "அந்தப் பத்து நிமிஷந்தான் மாப்பிள்ளை உயிர் போச்சு, அப்புறம் தூங்கிட்டேன்" என்றார் அத்தான். பிடரித் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்து வேர்களைப் பிரிப்பது ஒரு முறை; அது நீளத் தழும்பு விடும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைக்கருவியால் ஒவ்வொன்றாக எடுப்பது மற்றொன்று. அதில் சிறு புள்ளிகளே தங்கும். அத்தானுக்குச் செய்தது இரண்டாவது. ஒவ்வொரு வேர்த்தொகுதியிலும் 1 முதல் 4 முடிகள் இருக்கும். அவற்றைக் குளிர்ந்த உப்புநீரில் வைத்து, நெற்றியில் சிறு கீறல்களிட்டு, முடி சாயும் திசை பார்த்து நட்டனர். எட்டு மணி நேரம் ஆயிற்று. இடையில் எழுந்து தயிர்சாதம் உண்டார்.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கு இறங்கியது. தலையை உயர்த்தி வைத்தே உறங்கினார். பத்து நாளில் பொருக்குகள் உதிர்ந்தன. அதுவரை ஹெல்மெட் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தமையால் பேருந்திலேயே அலுவலகம் சென்றார். ஒரு மாதம் ஆனதும் நள்ளிரவில் தொலைபேசி: "மாப்பிள்ளை, நட்டதெல்லாம் கொட்டிப் போச்சுடா!"

இதை முன்கூட்டியே அறிந்திராதவர் பதறுவர். 2 முதல் 6 வாரத்தில் நட்ட முடிகள் உதிர்வது இயல்பு. உதிர்வது தண்டு; வேர் உள்ளே ஓய்வெடுக்கிறது. 3, 4 மாதத்தில் மெல்லிய முடி தலைகாட்டும். மாதத்திற்கு 1 சென்டிமீட்டர் அளவே வளருமாதலால், முழுப்பயன் காண ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அடுத்த மாதம் அக்காள் திருமணம், அதற்குள் முடி வேண்டும் என்போருக்கு இவ்வறுவை உதவாது.

இனி என் கதை. முதலில் நான் சென்றது ஒரு நிலையத்திற்கு, பெயர் வேண்டாம். கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர், "3,000 வேர் வைக்கலாம் சார், ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்றார். என் வயதையும் கேட்கவில்லை, என் தந்தை தலையையும் கேட்கவில்லை. பிறகு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் முதலில் கேட்டது அப்பாவையும் மாமன்மாரையும் பற்றித்தான். "நட்டது நிற்கும், நடாதது உதிர்ந்துகொண்டே போகும். இப்போது முன்னால் நட்டுவிட்டால், பத்து வருடத்தில் நெற்றியில் ஒரு தீவும் அதன் பின்னே வெட்டவெளியும் இருக்கும். அதை நிரப்பப் பிடரியில் வேர் மிச்சமிராது" என்றார். உதிர்தல் எவ்வளவில் நிற்கிறதென்று சில ஆண்டு பார்க்கச் சொல்லி, மினாக்சிடில் தடவச் சொன்னார்.

யார் கையில் தலையைக் கொடுக்கிறோம் என்பதும் சிறு செய்தியன்று. 2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் உடல்நிலை கெட்டு, வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, இரண்டு நாளில் உயிர் துறந்தார். அந்த இடம் அழகு நிலைய உரிமத்தில் நடந்ததென்று பின்னர் செய்தி வந்தது. மருத்துவம் பயின்றவருக்கே இக்கதி! 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்று இவ்வறுவையைச் செய்யலாகாதென வழிகாட்டு நெறி வெளியிட்டது. கத்தி பிடிப்பவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரா, அவர் முழுநேரமும் அறையில் இருப்பாரா, மூச்சுத் திணறினால் காக்கக் கருவி உண்டா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகஞ்சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்ற வாரம் மீண்டும் அந்தச் சந்துக்கடைக்குச் சென்றேன். "முன்னாடி நீளமா விடாதீங்க தம்பி, ஒட்ட வெட்டினா ஏறினது தெரியாது" என்று பத்து நிமிடத்தில் வெட்டி முடித்தார். கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டினார். அங்கே நாற்று அடர்த்தியாகத்தான் இருந்தது.